தாமானுக்குப் போறோம்

என் அண்ணன் பிரவினுக்கு எந்தச் சொல்லையும் முழுதாகச் சொல்லும் பழக்கம் கிடையாது. தர்ஷினி என்று அப்பா ஆசையாக வைத்த என் பெயர் அவன் வாயில் வெறும் தர்ஷ். போன் பண்ணினால் "ஆச்சா?" என்பான். சாப்பாடு ஆச்சா, குளியல் ஆச்சா, சம்பளம் ஆச்சா என்று நாமாக யோசித்துப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். படித்தவன், கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் உட்கார்ந்திருப்பவன், நாக்கை அசைக்க மட்டும் அவ்வளவு சோம்பல்.

அந்தச் சோம்பலோடுதான் போன செப்டம்பரில் அம்மாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான். "அம்மா, மலேசியா தினத்துக்கு லீவு சேந்தாப்ல வருது. அப்பாவையும் ரெடியா இருக்கச் சொல்லுங்க. தாமானுக்குப் போறோம். அங்க வந்து பாத்தீங்கன்னா அப்படியே அசந்துருவீங்க."

அவ்வளவுதான் செய்தி. அவன் சொன்னது தாமான் நெகாராவை. பகாங்கின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய காடு, தேசியப் பூங்கா. அங்கே படகில் ஏறிப் போனால் லாத்தா பெர்கோ என்று ஓர் அருவி இருக்கிறது. அதைத்தான் நாங்கள் குடும்பத்தோடு பார்க்கப் போவதாகத் திட்டம். எனக்கும் பிரேமலா அண்ணிக்கும் அது தெரியும். ஹோட்டல் படம் வரைக்கும் எங்களுக்கு அனுப்பியிருந்தான். அம்மாவுக்கு மட்டும் நெகாராவை வெட்டிவிட்டு அனுப்பினான்.

மலாயில் தாமான் என்றால் பூங்கா. ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் "அவங்க தாமானுக்குப் போயிட்டாங்க" என்று யாராவது சொன்னால், அந்தக் குடும்பம் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில், தனிக் கேட்டும் தனிக் குழாயும் வைத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. இது பிரவினுக்குத் தெரியாதா? அவனும் அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே!

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் தனலெட்சுமி. அந்த நீளம் தோட்டத்தில் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி கூப்பிடுவது தனம். கிளினிக்கில் தனம். கல்யாணப் பத்திரிகையில்கூட அவசரத்தில் தனம் என்றே அச்சடித்துவிட்டார்களாம். அடையாள அட்டையில் மட்டும் முழுப் பெயர் இருக்கிறது, அதுவும் பர்ஸுக்குள்ளே.

தேயிலையை முதலில் கையால் கிள்ளினாள். பிறகு கத்தரி வந்தது, கத்தரியால் வெட்டினாள். அதற்கப்புறம் இரண்டு பேர் பிடிக்கிற மிஷின் வந்தது, அதன் ஒரு முனையைப் பிடித்தாள். சரிவில் நின்று நின்று முழங்கால் போனதும் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். மூன்று லயங்களில் குடியிருந்திருக்கிறாள். மூன்றையும் தோட்டம்தான் கொடுத்தது. எந்த வீட்டையும் போய்ப் பார்த்து, கதவைத் தட்டிப் பார்த்து, இது வேண்டும் என்று அவள் கேட்டதில்லை. அவளுக்கு வீடு என்றால் சுவரோ கூரையோ அல்ல, குழாய்தான். மழை குறைந்த மாதங்களில் எங்கள் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். அதற்காக இருட்டோடு எழுந்து டிரம்மை வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டு ஆட்களோடு சண்டையும் போடுவாள், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே போடுவாள்.

அப்பா கனகராஜ் தொழிற்சாலை லோரி ஓட்டுகிறவர். அவருக்கு டிசம்பரில் ஓய்வு. ஓய்வு என்றால் அவர் பேரில் இருக்கும் தோட்டத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் செப்டம்பருக்கு முந்தைய தீபாவளிக்கு அம்மா இதைச் சொல்லிக் கலங்கியபோது, பிரவின் வாயில் ஆட்டுக்கறியை வைத்துக்கொண்டு, "நீங்க ஏன்மா கவலப்படறீங்க? நல்ல தாமான் வீடா ஒண்ணு பாத்துருவோம்" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. எடுக்காமலே இருந்துவிட்டு, ஒருநாள் "தாமானுக்குப் போறோம், அசந்துருவீங்க" என்றால் அம்மா என்ன நினைப்பாள்?

நான் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது வீட்டு ஜன்னல்களில் திரைச்சீலை இல்லை. "என்னம்மா, தொவச்சீங்களா?" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்மா காரணமில்லாமல் சிரிக்கிற ஆள் அல்ல. நான் களைப்பில் இருந்தேன், மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பிரவின் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியோடு வந்தான். வரும்போதே எரிச்சலோடு வந்தான். தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வழியெல்லாம் ஜாமாம். அப்பா முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, காலில் தீபாவளிச் சப்பாத்து என்று நின்றார். "அப்பா, காட்டுக்கா இந்தச் சப்பாத்து?" என்று அவன் கேட்டிருந்தால்கூட விஷயம் அங்கேயே உடைந்திருக்கும். அவன் ஏறிட்டே பார்க்கவில்லை. அம்மா ஒரு பெரிய துணிப்பையை ஐஸ் பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"இடமில்லம்மா. கோழி ஊற வெச்சிருக்கேன், சுடறதுக்கு."

"கவிச்சியோடயா? ஐயோ, வேணாம் சாமி." அம்மா பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

கீழே ரிங்லெட் பக்கம் இறங்க வேண்டிய வண்டியை அவன் மேலே கியா பார்ம் கடைத்தெருவுக்குத் திருப்பினான். அண்ணிக்கு ஸ்ட்ராபெரி வேண்டுமாம். விடுமுறை நாளில் இந்த ஊர்க்காரன் எவனாவது கியா பார்ம் பக்கம் தலைவைத்துப் படுப்பானா? வண்டி நகரவே இல்லை. ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் சோளம் விற்கிறவர்கள், நடுவில் நின்று படம் எடுக்கிற கூட்டம். நான் ஒரு காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். மறு காதில் அம்மாவின் குரல் விழுந்துகொண்டிருந்தது.

"தண்ணி எப்படிடா அங்க?"

"தண்ணியா? அதுக்குத்தானே போறோம்! ராத்திரி பகல்னு இல்லாம கொட்டும்மா."

அம்மா அப்பாவின் கையை இடித்தாள். "கேட்டு இருக்கா?"

"இருக்கு. ஆபீஸ்ல பெர்மிட் எடுத்தாத்தான் உள்ள விடுவாங்க."

"காவலுக்குக் கார்டு போட்ட தாமானுங்க" என்றாள் அம்மா, அப்பாவிடம் மெதுவாக. பிறகு முன்பக்கம் குனிந்து, "அக்கம்பக்கம் யாரு இருக்காங்க?"

பிரேமலா அண்ணி சிரித்துவிட்டாள். "குரங்குதான் அத்தை."

"அது இங்க மட்டும் இல்லியாக்கும். கதவச் சாத்தி வெச்சுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது."

அம்மா பேச்சு எப்போதும் இப்படித்தான் என்று நான் பேசாமல் இருந்தேன். ஸ்ட்ராபெரி வாங்கி முடித்து, வந்த வழியே திரும்பி, ரிங்லெட் வந்து சேர்வதற்குள் எல்லோருக்கும் வயிறு காய்ந்துவிட்டது.

ரிங்லெட்டில் நாங்கள் எப்போதும் சாப்பிடுவது ஜலால் பாய் கடையில். அப்பா லோரியை நிறுத்தித் தேத்தண்ணீர் குடிக்கிற கடை. எல்லோரும் ரொட்டி சானாய் சொன்னோம். அம்மா மட்டும் பாலில்லாத தே ஓ போதும் என்றாள். குழம்பு வேண்டாமாம், முட்டை வேண்டாமாம்.

"என்னக்கா, விரதமா? கோயிலுக்கா?" என்றார் ஜலால் பாய்.

"இல்ல பாய். தாமானுக்கு."

"அடடே! சொல்லவே இல்லியே! ரொம்ப சந்தோசம்க்கா. பால் காய்ச்சும்போது எங்களயும் கூப்புடணும் லா."

"கூப்புடாமயா?"

பிட்ட ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன். கை கழுவப் போகிற மாதிரி எழுந்து வண்டிக்குப் போனேன். அம்மாவின் பையைத் திறந்தேன். மேலே துவைத்து மடித்த திரைச்சீலைகள். அதற்கடியில் ஒரு புதுப் பானை, பானைக்குள் உப்பு, மஞ்சள், சூடம், துண்டில் சுற்றிய முருகன் படம். ஓரத்தில் ஒரு போத்தல் நிறையப் பசும்பால், லயத்தில் மாடு வைத்திருக்கிற இராமையா மாமா வீட்டுப் பால். தொட்டால் இன்னும் குளிர்ந்திருந்தது.

பின்னாலேயே அம்மா வந்துவிட்டாள். "ஏய், மூடு மூடு. அண்ணன்கிட்ட சொல்லிடாதடி. நமக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். ஆம்பளப் பையன், பால் காய்ச்சறதெல்லாம் அவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது? அப்பாவ டேப்பு எடுத்துக்கச் சொன்னேன், ஜன்னல அளக்க."

"அம்மா..." என்றேன்.

"வெள்ளிக்கெழமையே கிராணிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள், முகமெல்லாம் பெருமையாக. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. "ஓய்வு வாங்குனவங்களுக்கு வீட்டக் காலி பண்ண ஒரு வருசம் தள்ளிக் கொடுப்பாங்கல்ல, எங்களுக்கு வேணாம் ஐயா, எங்க மவன் தாமான்ல வீடு பாத்துட்டான்னு சொல்லிட்டேன். அந்த வீட்ட இராமையா மவன் குகனுக்கு எழுதிட்டாரு. பாவம், அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா, ஒரே வீட்டுல நெருக்கிக்கிட்டுக் கெடக்குதுங்க."

அம்மாவுக்கு டிசம்பருக்கு அப்புறம் வீடு இல்லை. அந்தத் தோட்டத்திலும் இல்லை, எந்தத் தாமானிலும் இல்லை. அது தெரியாமல் அவள் என் எதிரில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் பிரவினைக் கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அம்மாகிட்ட நீ என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? தாமான் போறோம்னு சொன்னேன்."

"எந்தத் தாமான்?"

"தாமான் நெகாரா லா. வேற எந்தத் தாமான்?" சொல்லிவிட்டு அவன் வாய் திறந்தபடி நின்றது. பையில் இருந்ததைச் சொன்னேன். கிராணியைச் சொன்னேன். "அடக் கடவுளே" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு என்ன சொன்னான் தெரியுமா? "தர்ஷ், நீயே மெதுவா அம்மாகிட்ட சொல்லிரேன். நீ சொன்னா கேப்பாங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! பாதிச் சொல்லைச் சொன்னவன் மீதிச் சொல்லையும் தானே சொல்லட்டும். நான் எதற்கு அவன் வாயைத் துடைக்க வேண்டும்? "நீதான் சொல்லணும். இப்பவே, இங்கேயே சொல்லு" என்றேன். "அப்பா சாப்பிட்டுட்டு இருக்காரு, வழியில சொல்றேன்" என்றான்.

வழியில் அவன் சொல்லவில்லை. சுங்கை கோயான் பாதை முழுக்க வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணாடி வழியாக அவனை முறைத்தேன். அவன் பாதையைப் பார்க்கிற மாதிரி பாசாங்கு பண்ணினான். மலை இறங்க இறங்கச் சூடு ஏறியது. அம்மா பையைத் தூக்கி மடியில் வைத்து, குளிர்காற்று வரும் துவாரத்தை அதன் பக்கம் திருப்பிவிட்டாள்.

"இவ்வளவு தூரமாங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"இந்தப் பக்கம்லாம் வீடு மலிவா கெடைக்கும்" என்றார் அப்பா. பிள்ளையை விட்டுக்கொடுக்கவே மாட்டார் மனிதர்.

எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினோம். "இப்ப சொல்லு" என்றேன். கழிவறைக்குப் போய்விட்டான். பெந்தாவில் சாப்பிட நிறுத்தினோம், மழை வரும்போல் இருக்கிறது என்று அவசரப்படுத்தினான். அண்ணிக்கும் அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்ட்ராபெரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல் வந்தாள். அம்மா ஒருத்திதான் வண்டியில் சந்தோஷமாக இருந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜெராண்டுட் தாண்டி ஒரு சந்திப்பில் பெரிய பழுப்பு நிறப் பலகை நின்றது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், மலாய் எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

"தா... மான்... நெகாரா" என்று வாசித்தாள். "தாமான் நெகாராவுக்கு அந்தப் பக்கம் போவணுமாம். நம்ம தாமான் எந்தப் பக்கம்டா?"

பிரவின் சிக்னலைப் போட்டான். டிக் டிக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பலகையில் அம்புக்குறி காட்டிய பக்கமே வண்டி திரும்பியது.

அம்மா பின்னால் திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பலகை வந்தது, அதிலும் அதே பெயர். அதில் அருவிப் படம் போட்டிருந்தது.

"அருவியா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றான் பிரவின். "நான் சொன்னேன்ல... தாமான்... தாமான் நெகாரா. உலகத்துலயே ரொம்பப் பழைய காடும்மா."

"காடா?" அம்மா மடியில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள். "பொறந்ததுலேர்ந்து நான் காட்டுலதானடா கெடக்கேன். இன்னொரு காட்டக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த?"

அப்பா காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு டேப்பை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பிரவினின் பின்னந்தலையில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வண்டி ஓட்டுகிறானே என்று விட்டேன்.

கோலா தாஹானில் ஆற்றங்கரை அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அம்மா முதல் வேலையாகப் போத்தலைத் திறந்தாள். திறந்ததுமே வாடை வந்தது. "திரிஞ்சுருச்சு" என்று சொல்லிவிட்டுக் கழுவுமிடத்தில் ஊற்றினாள். அந்தக் குழாயில் தண்ணீர் அப்படி ஒரு வேகத்தில் வந்தது. போத்தல் சுத்தமான பிறகும் அவள் குழாயை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரி பிரவின் கோழி சுட்டான். யாருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் படகு. அம்மா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், பையோடு. "அத அறையில வெச்சுட்டு வாங்கம்மா" என்றான் பிரவின். "எனக்குத் தெரியும்" என்றாள். நீளமான ஒடுங்கிய மரப்படகு. ஆற்றில் தண்ணீர் குறைவு. பாதி வழியில் படகு கல்லில் தட்டி நின்றது. படகுக்காரர் "தூருன், தூருன்" என்று எல்லோரையும் இறங்கச் சொன்னார். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினோம். காசு கொடுத்துப் படகில் ஏறி, அதை நாமே தள்ளுகிற கொடுமையை என்னவென்று சொல்வது? அப்பாவின் தீபாவளிச் சப்பாத்து ஒரு கையில், மறு கை படகில். அம்மா நோகிற காலோடு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் தடவித் தடவி நடந்தாள். பிரவின் கை கொடுக்கப் போனான். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

அருவி அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். தே ஓ நிறத்தில் தண்ணீர், பாறைகளுக்கு நடுவில் நுரைத்துக்கொண்டு இறங்குகிறது, கீழே அகலமான தடாகம். வேறொரு குடும்பத்துப் பிள்ளைகள் குதித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் யாரோ செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒரு பாறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

"எப்படிம்மா? நல்லாருக்குல்ல?" என்றான் பிரவின். அவனுக்கு அதைக் கேட்க வாய் வந்ததே, அதுவே பெரிய விஷயம்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இல்லன்னா? வீடு பாத்தியா?"

"அம்மா, இப்ப எதுக்கு அது..."

"பாத்தியா, பாக்கலியா?"

"பாக்கணும்னுதான்..."

"முழுசா சொல்லுடா!"

"பாக்கல" என்றான். அருவிச் சத்தத்தில் அது கேட்கவில்லை. அம்மா காதைக் காட்டினாள். "பாக்கலம்மா! ஒரு வீடுகூடப் போய்ப் பாக்கல!" என்று கத்தினான். தடாகத்தில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி" என்றாள் அம்மா. திட்டுவாள் என்று காத்திருந்தேன். குழாயடியில் அப்படிச் சண்டை போடுகிறவள் பெற்ற பிள்ளையை ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அருவிச் சாரல் அவ்வளவு தூரம் வரவில்லை.

திரும்பும் வழி அதைவிட மோசம். மழை பிடித்துக்கொண்டது. கோயான் பாதையில் மரம் விழுந்து, ஒரு பக்கமாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். நின்று நின்று நகர்ந்தோம். பிரவின் தொண்டையைச் செருமினான்.

"எங்களோட கே.எல்லுக்கு வந்துருங்கம்மா. ரெண்டு பேரும்."

"உன் அடுக்குமாடில எங்கள எங்கடா வெப்ப? துணி காயப்போடுற எடத்துலயா?"

அண்ணி வெளியே மழையைப் பார்த்தாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை, அவளுக்கும் தெரியும்.

ரிங்லெட்டுக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது, வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது.

"ஜலால் பாய் கடையில நிறுத்து" என்றாள் அம்மா.

"பசிக்குதாம்மா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

பையோடு இறங்கிக் கடைக்குள் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஜலால் பாய் பார்த்ததும் சிரித்தார். "என்னக்கா, பால் காய்ச்சியாச்சா?"

"இல்ல பாய். பாலும் திரிஞ்சுபோச்சு, வீடும் இல்ல." கடை நிறைய ஆட்கள். அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "எம் மவன் சொன்னது வேற தாமான், நான் கேட்டது வேற தாமான். லயத்து வீட்டையும் வேணாம்னு சொல்லிட்டேன். டிசம்பருக்கு அப்புறம் எங்களுக்குப் போக எடமில்ல. உங்களுக்குத் தெரிஞ்ச வாடக வீடு ஏதாச்சும் இருக்கா?"

பிரவின் தரையைப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஜலால் பாய் கைத்துண்டை மேசையில் போட்டார். "நம்ம மச்சான் ரிதுவானோட வீடு பின்வரிசையில சும்மாதான் கெடக்கு. கடைப் பசங்க தங்கியிருந்தாங்க, போயிட்டானுங்க. ஆனா ரொம்ப அழுக்குக்கா. பாக்குறீங்களா?"

கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன வரிசை. கேட்டில் துரு. சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் பூத்திருந்தது. கடைச் சமையலின் எண்ணெய் வாடை உள்ளேயே குடியிருந்தது. அம்மா அறைகளைப் பார்க்கவில்லை. நேரே சமையற்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. கொஞ்சம் பழுப்பாகத் துப்பியது. பிறகு தெளிந்து, சன்னமாக, விடாமல் வந்தது. கையை நீட்டி அதில் வைத்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் இளகியது.

முன்னறையில் அப்பா டேப்பை இழுத்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். "இந்தத் துணி பத்தாது, தனம்" என்றார்.

"பத்தலன்னா ஒட்டுப் போட்டுக்கலாம்."

"அம்மா, இதெல்லாம் ஒரு வீடா? வாடையப் பாருங்க" என்றான் பிரவின். "ஒரு ரெண்டு மாசம் கொடுங்க. நான் நல்லதா ஒரு தாமான் வீடு பாத்து..."

"அண்ணே, வாய மூடு" என்றேன். மூடினான்.

ஜலால் பாய் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா மச்சான், டிசம்பர்லேர்ந்து. தோட்டத்து ஆளுங்க, நமக்கு நல்லாத் தெரிஞ்ச குடும்பம். சரி... சரி. யாரு பேர்லயா? இரு, கேக்குறேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். "என் பேர்ல போடச் சொல்லுங்க" என்று பிரவின் முன்னால் வந்தான்.

"என் பேர்ல" என்றாள் அம்மா. குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா பேர்லயாம் மச்சான்" என்றார் ஜலால் பாய். "பேரு தனம்..."

"தனம் இல்ல பாய். தனலெட்சுமி." பிரவின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள். "பாதியா சொல்லாதீங்க. முழுசா சொல்லுங்க."

ஜலால் பாய் முழுசாகச் சொன்னார்.